விலங்கின் உடலில் மனிதக் கலம்: படிவத்தில் எந்த எல்லையை எழுதுவது?

“உங்களிடமிருந்து பெறப்படும் மாதிரிகள் எதிர்காலத்தில் விலங்கு மாதிரிகளில் பயன்படுத்தப்படலாம்.” கொழும்பில் பொதுமக்கள் சார்பில் நான் அங்கம் வகிக்கும் ஒரு நெறிமுறை மீளாய்வுக் குழுவின் மேசைக்கு வந்த சம்மதப் படிவத்தில் இப்படி ஒரு வாசகம் இருந்தது. பிரசவத்தின்போது தொப்புள்கொடியிலிருந்து சிறிதளவு இரத்தத்தைப் பெற்றுச் சேமிக்கவும், தேவைப்பட்டால் வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பவும் தாய்மாரிடம் அனுமதி கேட்கும் படிவம் அது. புதுக்கடை நீதிமன்றங்களுக்கு முப்பது வருடம் ஆவணங்களை மொழிபெயர்த்துப் பழகிய எனக்கு, ஒரே வாசகத்துக்குள் ‘மாதிரி’ என்ற சொல் இரண்டு முறை இரண்டு பொருளில் நிற்பது உடனே உறுத்தியது. முதலாவது மாதிரி, சோதனைக்காக எடுக்கப்படும் இரத்தம். இரண்டாவது, ஆங்கிலத்தில் ‘மொடல்’ என்று சொல்லப்படுவது. அதாவது, மனிதருக்கு வரும் நோயை ஆராய்வதற்காக மனிதரின் இடத்தில் நிறுத்தப்படும் உயிருள்ள எலி.

படிவம் விளங்குகிறதா என்று வாசித்துச் சொல்ல இணங்கிய கொட்டாஞ்சேனைத் தாய் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, “விலங்குகளின்ர மாதிரியோட என்ர பிள்ளையின்ர இரத்தத்தையும் வச்சு ஒப்பிட்டுப் பாப்பினமோ, ஐயா?” என்று கேட்டார். அப்படியில்லை, அந்த இரத்தத்தில் உள்ள கலங்களை எலியின் உடலுக்குள் செலுத்தி அங்கே வளர விடுவார்கள் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அதை அப்பிடியே எழுதியிருக்கலாமே” என்றார். அவர் சொன்னபடி எழுதுவதென்றால், எதை அனுமதிக்கிறோம், எதை மறுக்கிறோம் என்பதைக் குழு முதலில் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்துக்காக எங்கள் முன் இருந்த தெரிவுகளையும், அவற்றுள் ஒன்றின் பக்கம் நான் சாய்ந்த காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழும்பில் எவரும் நாளைக்கே பன்றியின் வயிற்றில் மனிதச் சிறுநீரகம் வளர்க்கப் போவதில்லை. ஆனால் இங்கே சேமிக்கப்படும் கலங்கள் உலர்பனியில் பொதி செய்யப்பட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக வெளியே போகலாம். போனபின் அவற்றின் மீது நமக்கு இருக்கும் ஒரே பிடி, போகுமுன் நாம் எழுதிக் கையெழுத்து வாங்கும் நிபந்தனைதான். மனித இழையங்களை வழங்குவது பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும், விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் நம்மிடம் உள்ளன. ஒன்று மனித இழையத்தைப் பார்க்கிறது, மற்றது விலங்கைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே உடலில் சந்திக்கும்போது எதை எடுத்து வாசிப்பது என்ற கேள்விக்கு அவற்றில் நேரடியான விடை கிடையாது.

கலப்பு என்ற சொல்லின் சாய்வு

தமிழில் ‘கலப்பு’ என்று சொன்ன மாத்திரத்திலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கலப்படம் என்றால் செங்கல் தூள் சேர்ந்த மிளகாய்த்தூள் நினைவுக்கு வரும். கலப்புத் திருமணம் என்றால் சில வீடுகளில் இன்றைக்கும் குரல் தாழும். ஆகவே நடப்பது என்ன என்பதைச் சொல்லிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் இனத்தின் விந்தும் இன்னோர் இனத்தின் முட்டையும் சேர்ந்து, ஒவ்வொரு கலத்திலும் இரு இனத்தின் பரம்பரையலகுகளும் இருந்தால் அது கலப்பினம். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை அப்படிப்பட்டது. ஆராய்ச்சியில் இன்று பேசப்படுவது பெரும்பாலும் அதுவன்று. ஒரே உடலில் இரண்டு வகைக் கலங்கள் தத்தம் இயல்பு மாறாமல் பக்கத்தில் பக்கத்தில் வாழும் நிலையைத்தான் ‘கைமெரா’ என்கிறார்கள். 1984இல் பிரித்தானியாவில் ஆட்டு முளையமும் (ஆரம்ப நிலைக் கருவும்) செம்மறி முளையமும் சேர்த்து உருவாக்கப்பட்ட விலங்கின் தோலில், ஓரிடத்தில் ஆட்டு மயிரும் இன்னோரிடத்தில் செம்மறிக் கம்பளியும் திட்டுத் திட்டாக இருந்தது இதனால்தான்.

யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விதையில் முளைத்த மாங்கன்றின் அடிக்கட்டையில் கறுத்தக்கொழும்பானின் கிளையை ஒட்டினால், வேர் அடிக்கட்டையுடையதாகவே இருக்கும், பழம் கறுத்தக்கொழும்பானாகவே இருக்கும். வளர்ந்த எலியின் உடலில் மனிதக் கலத்தைச் செலுத்துவது ஏறத்தாழ இந்த ஒட்டு வேலைதான். ஆனால் சில நாள் வயதான விலங்கு முளையத்துக்குள் எந்த உறுப்பாகவும் மாறவல்ல மனித மூலக் கலங்களைச் செலுத்தினால் இந்த உவமை உதவாது. ஒட்டிய இடம் ஒன்று, கிளைக்கும் இடம் பத்து என்று ஆகிவிடும். கலங்கள் ஈரலுக்கும் போகலாம், மூளைக்கும் போகலாம். பின்னால் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசமே அடிப்படை.

முழுத் தடை

குழுவில் முதலில் வந்த யோசனை, “மனிதக் கலம் எந்த விலங்கின் உடலிலும் செலுத்தப்படக் கூடாது” என்று ஒரே வரியில் எழுதிவிடுவது. எளிமையான வாசகம், மொழிபெயர்க்கவும் சிரமமில்லை, தாய்மாருக்கும் உடனே விளங்கும். இதை முன்வைத்தவர் மதப்பற்றுள்ள ஒரு மூத்த விரிவுரையாளர். மனித உடலின் பகுதி எதுவாயினும் அதை ஒரு கருவிபோலக் கையாளக் கூடாது என்பதும், இன்று எலி என்று தொடங்குவது நாளை எங்கே போய் நிற்கும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் அவருடைய வாதங்கள். இரண்டாவது வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் அந்தப் பாதையின் மைல்கற்கள் பதிவாகியே உள்ளன: 1988இல் மனித நிர்ப்பீடனக் கலங்களை, அதாவது நோய் எதிர்ப்புக் கலங்களை, கொண்ட எலி, 2017இல் மனிதக் கலம் செலுத்திய பன்றி முளையம், 2021இல் குரங்கு முளையம்.

ஆனாலும் முழுத் தடையின் விலை என்ன என்று கேட்டுப் பார்த்தபோது அது அந்த ஒரு வரியைவிட மிகப் பெரியதாக இருந்தது. எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரஸ் சாதாரண எலியின் கலங்களைத் தொற்றாது. மனித நிர்ப்பீடனக் கலங்கள் குடியேறிய எலியில்தான் அதை உயிருள்ள உடலில் வைத்து ஆராய முடிந்தது. கல்லீரல் அழற்சி பீ வைரசுக்கு மனித ஈரல் கலங்கள் பதித்த எலி வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்கு நெருக்கமான உதாரணம் டெங்கு. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த வருடம் கொழும்பில் காய்ச்சல் எட்டிப் பார்க்காத ஒழுங்கை ஒன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். சாதாரண எலி டெங்குவால் மனிதரைப்போல் நோயுறுவதில்லை. தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து பிரித்த மூலக் கலங்களைச் செலுத்தி வளர்த்த எலிகளில்தான் காய்ச்சலும், தோலில் சிவப்புத் திட்டும், குருதிச் சிறுதட்டுக்களின் வீழ்ச்சியும் காணப்பட்டன. ஆக, அந்தக் கொட்டாஞ்சேனைத் தாயிடம் கேட்கப்படும் இரத்தம் எதற்கு உதவக்கூடுமோ, அதையே இந்தத் தடை அடைத்துவிடும்.

மத அடிப்படையிலான மறுப்பு குறித்து ஒரு வார்த்தை. வேறோர் அங்கத்தவர், இந்துக்களுக்கு இதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை, பிள்ளையாரின் திருவுருவமே அப்படித்தானே என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். யானைமுகத்தை ஆய்வுகூட அனுமதிப் பத்திரமாக வாசிப்பது எனக்கு உடன்பாடில்லை. அதைவிடப் பொருத்தமானது சிபியின் கதை. புறாவைக் காக்கத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தவன் என்று நாம் சொல்கிறோம். கேட்டவனுக்குத் தன் கண்ணையே கொடுத்தவன் என்று பௌத்தர் சொல்கிறார்கள். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கம் இந்நாட்டவரின் விழிவெண்படலங்களை எத்தனையோ நாடுகளுக்கு அனுப்பியிருப்பது அந்த மரபின் பலத்தில்தான். உடலின் ஒரு பகுதியைக் கடல் கடந்து அனுப்புவது நமக்குக் கூச்சமான காரியமாக இருந்ததில்லை. ஆனால் சிபி எதை எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தான். விழிவெண்படலம் இன்னொருவரின் கண்ணுக்குத்தான் போகும் என்பதும் கொடுப்பவருக்குத் தெரியும். தொப்புள்கொடி இரத்தம் எங்கே போகும் என்பதுதான் தெரியாதிருக்கிறது. தடையை நான் ஏற்காததற்கும், “பயன்படுத்தப்படலாம்” என்ற அந்தப் பழைய வாசகத்தை ஏற்காததற்கும் இந்த ஒரே காரணம்தான்.

அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்

இதற்கு நேர் எதிரான தெரிவு, பெறும் நாட்டின் நெறிமுறைக் குழு அனுமதித்தால் போதும் என்று விட்டுவிடுவது. நம்மிடம் நிபுணர்கள் குறைவு, அவர்களிடம் அனுபவம் அதிகம் என்ற நியாயம் இதற்குச் சொல்லப்பட்டது. அனுபவம் அதிகம் என்பது உண்மை. ஆனால் ‘அவர்கள்’ என்று ஒருமித்த ஒரு கூட்டம் இல்லை. பிரித்தானியா 2008இல் திருத்திய சட்டத்தில், மனித, விலங்குக் கூறுகள் கலந்த, மனிதப் பங்கு மேலோங்கிய முளையத்தை 14 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் பெண்ணின் கருப்பையிலோ விலங்கின் கருப்பையிலோ வைக்கவும் தடை விதித்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம், ஆரம்ப நிலை விலங்கு முளையத்தில் மனித மூலக் கலம் செலுத்தும் ஆய்வுகளுக்கு 2015 செப்டெம்பரில் நிதியை நிறுத்தியது. ஆனால் அது அரச நிதிக்கு மட்டும் போட்ட கட்டு, தனியார் பணத்துக்கு அது பொருந்தாது. யப்பான் அதுவரை வைத்திருந்த 14 நாள் தடையை 2019 மார்ச்சில் நீக்கி, அத்தகைய முளையத்தை விலங்கின் கருப்பையில் வைக்கவும் வழிவிட்டது. ஒரே குப்பியில் போகும் இரத்தம் இலண்டனில் இறங்கினால் ஒரு விதி, தோக்கியோவில் இறங்கினால் வேறு விதி என்றால், தாயிடம் நாங்கள் எதற்குச் சம்மதம் வாங்குகிறோம்? போதாததற்கு, முதல் ஆய்வுகூடம் அதை இரண்டாவதுக்குக் கொடுத்தால் அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தெரிவு குழுவுக்கு வசதியானது என்பதைத் தவிர வேறு சிறப்பு அதற்கு இல்லை.

நாள் கணக்கும் சதவீதக் கணக்கும்

எண்ணால் எல்லை போடுவது அதிகாரிகளுக்குப் பிடித்த வழி. 14 நாள் என்ற எண், மனித முளையத்தை ஆய்வுகூடத்தில் வைத்திருப்பது பற்றி 1984இல் பிரித்தானியாவில் மேரி வோர்னொக் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. உடலின் தலை, வால், வலம், இடம் தீர்மானமாகும் கோடு மனித முளையத்தில் ஏறத்தாழ அப்போது தோன்றுவதாலும், அதன்பின் முளையம் இரட்டையாகப் பிரிவதில்லை என்பதாலும் அந்த எண் தெரிவு செய்யப்பட்டது. அதை அப்படியே விலங்குக்கு ஏற்றினால் பொருளே மாறிவிடுகிறது. சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். அதில் 14ஆம் நாள் என்பது உறுப்புகள் உருவாகிவிட்ட காலம். பன்றியின் கர்ப்பகாலம் சுமார் 114 நாள். 14ஆம் நாளில் அதன் முளையம் கருப்பைச் சுவரோடு ஒட்டத் தொடங்கும் நிலையில்தான் இருக்கும். பிறந்து வளர்ந்த எலிக்கு இந்த எண் எதையும் சொல்லவே சொல்லாது. எங்கள் படிவம் பேசுவதோ பெரும்பாலும் அந்த எலியைப் பற்றித்தான். முளைய நிலை ஆய்வு ஒன்றுக்குத் துணை நிபந்தனையாக நாள் கணக்கு பயன்படலாம் என்பதற்கு மேல் அதற்கு இங்கே இடமில்லை.

சதவீதம் அதைவிட ஏமாற்றும். மனிதக் கலம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் அனுமதி, மீறினால் மறுப்பு என்று வைப்போம். டெங்கு ஆராயும் எலியின் இரத்தத்தில் வெண்கலங்களில் கால் பங்காவது மனிதக் கலங்களாக இருந்தால்தான் அந்த எலி பயன்படும். அது உடனே தடைபட்டுவிடும், அதனால் எவருடைய மனச்சாட்சியும் உறுத்தியிருக்கப் போவதில்லை என்றாலும். மறுபக்கத்தில், அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஆய்வொன்றில், நரம்புக் கலங்களுக்குத் துணைநிற்கும் மனிதக் கலங்களைச் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் செலுத்தினார்கள். எலியின் மொத்த உடலோடு ஒப்பிட்டால் அவை மிகச் சொற்பம். ஆனால் அந்த எலிகள் மற்ற எலிகளைவிட விரைவாகக் கற்றன. அவை மனிதராகிவிடவில்லை, கொஞ்சம் கெட்டிக்கார எலிகளாயின, அவ்வளவுதான். இருந்தும் எண்ணிக்கையைப் பார்த்து அனுமதி கொடுப்பவர் இந்தச் சோதனையை யோசிக்காமலே கடந்து போயிருப்பார்.

இடத்தால் எல்லை

எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு எங்கே என்று கேட்டால் பிரச்சினை தெளிவாகிறது. மனித இரத்தக் கலம் எலியின் என்புமச்சையில் இருப்பதால் எலியின் நிலை மாறுவதில்லை; அது வலியை உணரும் விதமோ, பயப்படும் விதமோ, தன் குட்டியை நாடும் விதமோ மாறுவதில்லை. நாம் அதற்குச் செலுத்த வேண்டிய கடப்பாடும் முன்பிருந்த அதே கடப்பாடுதான். மூளையில் அதே உறுதியோடு சொல்ல முடியாது. விந்து, முட்டை ஆகியவற்றை உண்டாக்கும் கலங்கள் மனிதக் கலங்களாகிவிட்டால், இரண்டு எலிகள் கூடும்போது உருவாகக் கூடியது என்ன என்ற கேள்வி வேறு எழுகிறது. சர்வதேச மூலக்கல ஆராய்ச்சிச் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல், மனித இனப்பெருக்கக் கலங்கள் உருவாகியிருக்கக்கூடிய விலங்குகளை இனப்பெருக்கம் செய்ய விடுவதையும், கலப்பு முளையத்தை மனித அல்லது வாலில்லாக் குரங்கின் கருப்பையில் வைப்பதையும் விலக்கியிருப்பது இதனால்தான். முகம், தோல், குரல் போன்ற புறத்தோற்றத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது நம் அருவருப்பைப் பற்றிய விஷயமே தவிர விலங்கின் நலனைப் பற்றியதல்ல என்பது என் எண்ணம்.

இந்தத் தெரிவின் பலவீனம், கலம் போகும் இடத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதில் இருக்கிறது. வளர்ந்த விலங்கில் பெரும்பாலும் முடியும். முளையத்தில்? 2010இல் யப்பானில் ஹிரோமிட்சு நகாவுச்சியின் குழு ஒரு வழியைக் காட்டியது: இன்சுலினைச் சுரக்கும் சதையியை உருவாக்கும் பரம்பரையலகை முளையத்தில் செயலிழக்கச் செய்தால், அந்த வெற்றிடத்தை வெளியிலிருந்து வந்த கலங்கள் நிரப்பும். அவ்வாறு சுண்டெலியின் உடலில், அதைவிடப் பெரிய வேறோர் இனமான எலியின் சதையி வளர்ந்தது. 2017இல் அதே முறையை மாற்றிச் செய்து, எலியின் உடலில் வளர்ந்த சுண்டெலிச் சதையியின் கலங்களை நீரிழிவுள்ள சுண்டெலிகளுக்குப் பதித்தபோது, அவற்றின் இரத்தச் சர்க்கரை ஒரு வருடத்துக்கு மேலாகச் சீராக இருந்தது.

மனிதக் கலத்துக்கு அந்த வழி இன்னும் கரடுமுரடானது. 2017இல் பன்றிகளின் கருப்பையில் 2,000க்கு மேற்பட்ட முளையங்களை வைத்தும், மூன்று நான்கு வாரத்தில் எடுத்துப் பார்த்தபோது மனிதக் கலங்கள் சுமார் இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தன. 2023இல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் சிறுநீரகத்துக்குரிய இரண்டு பரம்பரையலகுகளை நீக்கிய 1,820 முளையங்களை 13 பன்றிகளில் வைத்து, 28 நாளுக்குள் எடுத்து ஆராய்ந்த ஐந்தில், ஆரம்ப நிலைச் சிறுநீரகக் கலங்களில் பாதிக்கு மேல் மனிதருடையவை என்று கண்டார்கள். அந்த ஆய்வில் இனப்பெருக்க உறுப்பு அமையும் பகுதியில் மனிதக் கலம் காணப்படவில்லை. மூளையிலும் முண்ணாணிலும் மிகச் சில காணப்பட்டன. அந்த ‘மிகச் சில’ என்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன். பூச்சியம் அல்லாத வரையில், முளைய நிலை ஆய்வுக்கு இடத்தால் போடும் எல்லை ஒரு நம்பிக்கையாகவே இருக்கும், நிபந்தனையாகாது.

இந்தக் கணக்கைக் கேட்ட ஒரு டொக்டர் அங்கத்தவர், அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் வாடும் விவசாயிகளை நினைவூட்டினார். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவர்களைக் கண்டவர் அவர். அவருடைய அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இன்று நோயாளிக்கு உண்மையில் எட்டியிருப்பது இந்தக் கலப்பு வழி அன்று. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் உயிருள்ள ஒருவருக்குப் பதிக்கப்பட்ட பன்றிச் சிறுநீரகம், மனிதக் கலம் எதுவும் செலுத்தப்படாத, பரம்பரையலகுகளில் 69 திருத்தம் செய்யப்பட்ட பன்றியினுடையது; அவர் ஏறத்தாழ இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த வழியின் நெறிமுறைக் கேள்விகள் வேறு. நோயாளியின் நம்பிக்கையை முன்வைத்து ஒரு தாயின் சம்மதத்தை அகலமாக்கிக்கொள்வது சரியில்லை என்று சொன்னேன். அவர் முழுமையாக உடன்படவில்லை.

மூளையை முற்றாக விலக்குவதிலும் இழப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2022இல் ஸ்டன்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித மூளை இழையத்தை எலிக்குட்டிகளின் மூளையில் பதித்தார்கள். அது வளர்ந்து ஒரு பக்க அரைக்கோளத்தில் மூன்றில் ஒரு பங்களவு இடத்தைப் பிடித்தது. எலியின் மீசையைத் தொட்டால் மனித நரம்புக் கலம் துடித்தது. திமொத்தி நோய்க்குறி என்ற அரிய பரம்பரை நோயுள்ளவர்களின் கலங்கள் எப்படிப் பிழையாக வளர்கின்றன என்பது கண்ணாடித் தட்டில் தெரியாத அளவுக்கு அங்கே தெரிந்தது. அந்த எலிகளின் நினைவாற்றலில் மாற்றம் தென்படவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுக்கு நான் எதிரியல்ல. ஆனால் அதற்குக் கலம் தர வேண்டியவர்கள், அந்த நோயோடு வாழ்கிறவர்களும் அவர்களின் பெற்றோரும். அவர்களிடம் தனிப் படிவத்தில், தனியாக உட்கார்ந்து பேசிக் கேட்கலாம். பிரசவ வலிக்கு நடுவே நீட்டப்படும் பொதுப் படிவத்தின் நிழலில் அது நடக்க வேண்டியதில்லை.

எலி, பன்றி, குரங்கு

இடத்தை எழுதினால் போதாது, விலங்கையும் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பதில் குழு விரைவாக ஒன்றுபட்டது. கொட்டாஞ்சேனையில் கோயில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் பௌத்த விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காலையில் கேட்கும். அங்கே வாழும் தாய்மாருக்கு ‘விலங்கு’ என்ற ஒரு சொல் ஒரே பொருளைத் தராது. எலிக்குத் தயங்காத முஸ்லிம் தாய் பன்றிக்குத் தயங்கலாம். உயிர் காக்கும் தேவை வந்தால் விலக்கப்பட்டதும் ஆகும் என்ற ‘ளரூரா’ நியதியைக் கொண்டு அவரே அதை ஏற்கவும் கூடும். சைவத் தாய்க்குப் பசு வேறு. அவரவர் தாமே முடிவு செய்யும்படி தனித்தனிக் கட்டம் வைத்துவிட்டால், எந்த மதத்தின் சார்பிலும் குழு பேச வேண்டியதில்லை.

குரங்கில் ஒற்றுமை நிற்கவில்லை. 2021இல் குன்மிங்கில் 132 குரங்கு முளையங்களில் ஒவ்வொன்றுக்கும் 25 மனிதக் கலங்கள் வீதம் செலுத்தப்பட்டன. கருப்பையில் வைக்காமல் தட்டிலேயே வளர்க்கப்பட்ட அவற்றுள் மூன்று 19ஆம் நாள்வரை உயிரோடிருந்தன. பன்றியில் மனிதக் கலம் ஏன் தழைப்பதில்லை என்பதை நெருங்கிய இனத்தில் வைத்து அறிவதே நோக்கம் என்றார்கள். நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நம்மோடு நெருங்கிய இனம் என்பதாலேயே கலம் தழைக்கிறது; அதே நெருக்கத்தால், தழைத்த கலம் மூளையில் எதைச் செய்யும் என்பதும் அங்கேதான் மிகவும் கவலைக்குரியது. டொக்டர் இதைத் தற்காலிக மறுப்பாக எழுதச் சொன்னார். நான் கால எல்லையின்றி மறுப்பாக எழுதச் சொன்னேன். ஒரு வாக்கால் அவர் பக்கம் வென்றது.

விலங்கின் வலியைப் பற்றி நாங்கள் யாரும் முதலில் பேசவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். திருத்திய படிவத்தை வாசித்தபோது அதைக் கேட்டவர் அதே தாய்தான்: “எலிக்கு நோகாதோ?” நோகும். சில எலிகளில், செலுத்தப்பட்ட மனித நிர்ப்பீடனக் கலங்கள் எலியின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கும். எலி மெலிந்து, முதுகு கூனி, மயிர் சிலிர்த்து ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும். தன் நிர்ப்பீடனம் நீக்கப்பட்டுப் பிறந்த அந்த எலி, கிருமியற்ற கூட்டுக்கு வெளியே வாழவும் முடியாது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுமைக்கு விதிக்கப்பட்ட தண்டப்பணம் நூறு ரூபாய். வெள்ளவத்தையில் ஒரு தேநீருக்கும் வடைக்கும் அது போதாது. ஆகவே சட்டத்தை நம்பாமல் கலங்களை அனுப்பும்போது செய்துகொள்ளும் கைமாற்று உடன்படிக்கையிலேயே ஒரு நிபந்தனை சேர்த்தோம்: எந்த அறிகுறி தெரிந்தால் சோதனையை நிறுத்தி விலங்கை வலியின்றி முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைப் பெறும் ஆய்வுகூடம் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்.

இப்போது படிவத்தில் அந்தப் பழைய வாசகம் இல்லை. அதன் இடத்தில், “உங்கள் பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்திலுள்ள கலங்களை, நோய்களை ஆராய்வதற்காக, உயிருள்ள விலங்கின் உடலில் செலுத்தக்கூடும். மூளையிலோ, விந்தும் முட்டையும் உண்டாகும் உறுப்புகளிலோ, முளைய நிலையிலுள்ள விலங்கிலோ அவை செலுத்தப்படமாட்டா” என்று இருக்கிறது, அதன்கீழ் எலிக்கு ஒரு கட்டம், பன்றிக்கு ஒரு கட்டம், மாட்டுக்கு ஒரு கட்டம். வேறோர் ஆய்வுகூடத்துக்குக் கைமாற்றுவதானால் குழுவிடம் மீண்டும் கேட்க வேண்டும், வருடத்துக்கொருமுறை கணக்குத் தர வேண்டும், தவறினால் மீதிக் குப்பிகள் அனுப்பப்படமாட்டா என்பவை உடன்படிக்கையில் உள்ளன. சிங்களப் பிரதியில் எலிக்கும் சுண்டெலிக்கும் தனிச்சொல் வேண்டுமா என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.